வடக்கே விழுந்த நிழல்

செல்பேசியின் திசைகாட்டி தப்பாகக் காட்டியது. ஏன் என்றுதான் பிரவீணாவுக்குப் பிடிபடவில்லை.

அவள் அதைக் காற்றில் எட்டுப் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே இருக்கும் சிறிய உணரி பூமியின் காந்தப் புலத்தைப் பிடித்துத் திசை சொல்கிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் குழம்பிவிடும். இப்படிச் சுற்றினால் அந்தக் குழப்பத்தைத் தானே கழித்துக்கொண்டு சரியாகிவிடும். சரியாகவில்லை. சிவப்பு முனை மறுபடியும் போய் அதே பக்கம் நின்றது. கல் வளைவுக்கு முன்னால் மணலில் நிழல் கிடந்த பக்கம். அதுதான் வடக்காம்.

"உன்ற போனு என்ன கண்ணு சொல்லுது?" என்றாள் பத்மா, சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி. பிரவீணாவின் கணவன் செந்தில்நாதனின் அக்கா, பொள்ளாச்சியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்திருப்பவள். "வடக்க தல வெச்சுப் புள்ளையப் படுக்க வெக்கக் கூடாது. எது வடக்குன்னு சொன்னீன்னா பாயத் திருப்பிப் போட்டுருவேன்."

"அதாங்க அண்ணி பார்க்கறேன். போன் குழம்புது."

"இதுக்குப் போனு எதுக்கு? உச்சிப் பொழுதுக்கு நெழலு வடக்காலதான உளுகும்? அப்ப இதான் வடக்கு."

பிரவீணா சிரித்துவிட்டாள். "அது நம்ம ஊர்ல அண்ணி. இங்க நாம பூமிக்குக் கீழ்ப் பாதியில இருக்கோம். சூரியன் வடக்கால நிக்கும், நிழல் தெக்கால விழும். சிட்னியில வடக்குப் பார்த்த வீடுதான் வேணும்னு எல்லாரும் அடிச்சுக்கறது அந்த வெயிலுக்குத்தான்."

"அட கெரகமே. சூரியனக்கூட இடம் மாத்தி வெச்சுட்டானுங்களா?"

அப்படியானால் நிழல் விழுந்திருக்கும் பக்கம் தெற்கு. போன் சொல்வது வடக்கு. இரண்டில் ஒன்று பொய். பாறையின் சிவப்பே இரும்புத் துருவின் நிறம்தான், அதுதான் உணரியைக் கெடுக்கிறது என்று பிரவீணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செல்பேசியைப் பைக்குள் போட்டாள். நிழலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். பத்மா பாயை விரித்தாள். மகள் தேஜஸ்வினி கடைசியாக வந்து அதில் விழுந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

மேற்கு சிட்னியில் ஒரு மருத்துவமனையின் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் பிரவீணா. அறுவை அரங்குகளில் மேசைக்கு மேலே தொங்கும் பெரிய விளக்குகள் அவள் பொறுப்பு. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஒரு பொருளோடு ஒரே அறையில் இருக்க அவளால் முடியாது. தெரிந்துவிட்டால் யாரிடமாவது சொல்லாமலும் இருக்க முடியாது. வசந்தகாலப் பள்ளி விடுமுறை. செந்தில்நாதனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாநிலத்தின் மேற்குக் கோடியில் பாலைவனத்துக்குள் இப்படியொரு கல் வளைவு இருக்கிறது என்று தெரிந்ததும், அண்ணியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அவளே வண்டியை எடுத்துவிட்டாள். தார்ச் சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கும் முன்பே சிக்னல் போய்விட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் இவர்கள் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வளைவு அவள் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. நடந்து வரும்போது தேஜு, "ஏம்மா விழல?" என்று கேட்டாள். பிரவீணா நின்று, பொறுமையாகச் சொன்னாள். ஒரு காலத்தில் இது முழுச் சுவர். மழைத்தண்ணீர் கல்லுக்குள் ஊறும், வெயிலில் உலரும், உள்ளே தங்கிய உப்பு பூரித்து மணலை மணலிலிருந்து பிரிக்கும். மெத்தென்ற அடிப்பகுதி முதலில் உதிர்ந்து போகும். மேலே இருப்பது மட்டும் நிற்கும். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டிருக்கிறது, அந்த அழுத்தம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

"சோ, எல்லாக் கல்லும் கை கோத்துட்டு நிக்குதா?"

"கிட்டத்தட்ட."

"ஒண்ணு கைய விட்டா?"

"வேற ஒண்ணு அந்தப் பாரத்தை எடுத்துக்கும்."

இப்போது தேஜு தூங்குகிறாள். பத்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தைக் காகிதத் தட்டுகளில் வைத்தாள். பிரவீணா வளைவைப் பார்த்தபடி, தொப்பி விளிம்பை நெற்றிவரை இழுத்துவிட்டுச் சாப்பிட்டாள். நல்ல குளிர்ச்சி. வழியெல்லாம் கண்ணிலும் மூக்கிலும் மொய்த்துக்கொண்டு வந்த ஈக்கள் இங்கே இல்லை. திறந்திருந்த சோற்றின் மீது ஒன்றுகூட வந்து உட்காரவில்லை. காற்று நின்றிருந்தது. எங்கிருந்தோ ஈர மணலின் வாசனை வந்தது, நெடுநாள் பூட்டி வைத்த நிலவறையைத் திறந்ததும் முகத்தில் மோதுமே அந்த மாதிரி, மாதக்கணக்கில் மழை காணாத ஊரில்.

கொஞ்ச தூரத்தில் எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சுடுமணலில் வந்த எறும்புகள் நிழலின் விளிம்பைத் தொட்டதும் திரும்பின. உள்ளே வரவில்லை. விளிம்பை ஒட்டியே வளைந்து, கொதிக்கும் மணலிலேயே சுற்றிக்கொண்டு போயின. எறும்பு ஏன் நிழலை விட்டு வெயிலில் போகிறது?

அவள் விளிம்பைப் பார்த்தாள். வேலைப் பழக்கம் கண்ணை அங்கேயே நிறுத்தியது.

சூரியன் ஒரு புள்ளி அல்ல, அகலமுள்ள தட்டு. ஆகவே எந்த நிழலின் விளிம்பும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். நிழலைத் தரும் பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கலங்கல். அறுவை அரங்கின் விளக்குக்கே அடிப்படை இதுதான்: அகலமான ஒளியைப் பல பக்கமிருந்தும் விட்டால் மருத்துவரின் கை நிழல் கலங்கிக் கலங்கிக் கடைசியில் இல்லாமலே போய்விடும். இவ்வளவு உயரத்தில் இருக்கும் வளைவின் நிழல், ஈரத்தாளில் மை பரவினாற்போல ஓரத்தில் கரைந்திருக்க வேண்டும்.

கரையவில்லை. கத்தியால் அறுத்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை வெயில், அடுத்த மணல் துகளில் இருட்டு.

இன்னொன்றும் இருந்தது. நிழல் என்பது பொருளின் காலடியிலிருந்து தொடங்குவது. இந்த நிழலுக்கும் வளைவின் காலுக்கும் நடுவே ஒரு பட்டை மணல் பளீரென்று வெயிலில் கிடந்தது. நிழல் தனியாகக் கிடந்தது. எதையும் தொடாமல்.

"அண்ணி," என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "வரும்போது, வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு நிழல் இருந்துச்சில்ல?"

"ஆமா. ஒரே சரளைக் கல்லு, உக்கார முடியாதுன்னு நீதான சொன்ன. அதான் இந்தப் பக்கம் வந்தோம்."

வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த வரைபடப் பலகை நினைவுக்கு வந்தது. வண்டி தெற்கே. தடம் நேராக வடக்கே போய், வளைவுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கத்தில் முடிகிறது. அவர்கள் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். வடக்கில். போன் குழம்பவில்லை. வளைவின் நிழல் அங்கேதான் இருக்கிறது, தெற்கே, சரளைக் கல்லின் மீது, இருக்க வேண்டிய இடத்தில்.

ஒரு சூரியன். ஒரு வளைவு. இரண்டு நிழல்.

எங்கள் ஊர்க் கண்ணுக்கு வடக்கே விழும் நிழல் இயல்பாகத் தெரிந்துவிட்டது, அதனால்தான் எதுவும் தோன்றாமல் வந்து உட்கார்ந்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் ஒருவன் வந்திருந்தால் தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று கால் தயங்கியிருக்கும்.

நிழல் என்றால் என்ன? தேஜுவுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எங்கே நின்று பார்த்தால் விளக்கு தெரியாதோ, அந்த இடம்தான் நிழல். அவ்வளவு எளிது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். தொப்பி விளிம்பைத் தூக்கினாள். மேலே பார்த்தாள்.

சூரியன் தெரிந்தது.

மறைக்க ஒன்றுமில்லாமல், கிளையோ பாறையோ மேகமோ குறுக்கே இல்லாமல், முழு வட்டமாக நேராக அவள் கண்ணுக்குள் எரிந்தது. கண் கூசித் தண்ணீர் வந்தது. முகத்தில் வெயில் விழவில்லை. தோல் குளிர்ந்தே இருந்தது.

"எந்திரிங்க அண்ணி. வெளிய போங்க. இப்பவே."

பத்மா ஏனென்று கேட்கவில்லை. அந்தக் குரல் போதுமாக இருந்தது. பிரவீணா தேஜுவை வாரித் தூக்கினாள். பிள்ளை கனத்தாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரம் போலச் சில்லிட்டிருந்தாள். கன்னத்தைத் தட்டினாள். விழிக்கவில்லை. வெயில் பட்டையைத் தாண்டி வளைவின் அடிக்கு ஓடினாள். முதுகில் வெயில் சுட்டது. அவள் நிழல் அவளுக்கு முன்னால், தெற்கே, ஒழுங்காக விழுந்து ஓடியது.

"பிரவீணா. நில்லு." பத்மா பின்னாலிருந்து சொன்னாள். "பின்னால பாரு."

அவள் காலடியிலிருந்து இன்னொரு கறுப்புப் பட்டை, எதிர்ப்பக்கமாக, சூரியனை நோக்கி நீண்டு கிடந்தது. அதன் முனை நிழலுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னத் தொப்பியின் வடிவம் தெரிந்தது. தேஜுவின் தொப்பி.

இன்னும் ஓரெட்டு வைத்தாள். பட்டை நீண்டு மெலிந்தது. தேஜுவின் மூச்சும் மெலிந்தது. இன்னொன்று. நூலானது. பிள்ளையின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காற்று வருகிறதா என்றே தெரியவில்லை. உதடு ஊதா.

திரும்பி ஓடினாள். விளிம்பருகே வந்ததும் மார்பு ஏறி இறங்கியது.

"கட்டிப் போட்ட மாதிரி இருக்கு," என்றாள் பத்மா. "எவ்வளவு தூரம் இழுத்தாலும் கயிறு அறுகாது. புள்ளதான் அறுந்து போகும்."

வண்டியின் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித் தட்டியை, பாய்க்கு அடியில் போடலாமென்று கொண்டுவந்திருந்தார்கள். பிரவீணா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்து வெயிலைத் திருப்பிவிட்டாள். நிழல் என்றால் எதிர்ப்பக்கமிருந்து ஒளி விட்டதும் வெளுத்தே தீர வேண்டும். அவள் பிழைப்பே அதுதான். வெளிச்சத் துண்டு சுடுமணலில் துள்ளிக்கொண்டே போய் விளிம்பைத் தாண்டியது. தாண்டியதும் காணாமல் போனது. கிணற்றில் போட்ட கல் மாதிரி. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

தட்டி கையிலிருந்து நழுவியது.

தேஜுவைப் பாயிலேயே கிடத்துவதைத் தவிர வழியில்லை. கிடத்தினாள். பிள்ளையின் தலை பின்னால் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் பத்மா உள்ளே வந்து உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் எடுத்து வைத்தாள்.

தேஜு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, தண்ணி."

பிரவீணா அவளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள். தேஜுவின் நிழல் அம்மாவின் நிழலோடு சேர்ந்து தெற்கே விழுந்தது. பிள்ளையின் கை சூடேறியது. "சுடுதும்மா, இறக்கி விடு," என்று சிணுங்கினாள்.

"நீங்களும் வாங்க அண்ணி."

பத்மா எழுந்து வெயிலுக்கு வந்தாள். நடக்க நடக்க அவள் காலிலிருந்து ஒரு பட்டை பின்னால் நீண்டது. சூரியனை நோக்கி. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

பிரவீணா யோசித்தாள். புத்தி தன் வேலையைச் செய்தது. எல்லோரும்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் கடைசியாக வந்து படுத்தவள் தேஜு. பிறகு கடைசியாக உட்கார்ந்தவர் அண்ணி. உறுதி செய்ய ஒரே வழிதான் இருந்தது. தேஜுவை வெயிலில் நிறுத்தி, "அசையாத," என்றாள். உள்ளே போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குளிர் கீழிருந்து வந்தது. உட்கார்ந்த இடத்தில், மணலுக்கு அடியில், ஏதோ ஒன்று உள்ளங்கையை விரித்து அவள் பாரத்தை ஏந்திக்கொண்டது. அன்பாக. எடை பார்ப்பது போல. காதில் ஒரு மூச்சு கேட்டது. அவள் மூச்சை இழுக்கும்போது அதுவும் இழுத்தது. அவள் அடக்கினாள். அது அடக்கவில்லை.

"என்னைய விட்டுருச்சு கண்ணு," என்றாள் பத்மா, தன் கையைத் தேய்த்தபடி. "சூடு வருது." அப்புறம் பிரவீணாவின் முகத்தைப் பார்த்தாள். "நீ எந்திரி."

"அண்ணி..."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த மண்ணுல புள்ளையக் கூட்டிட்டு நான் எங்க நடப்பேன்? நீ எந்திரி மொதல்ல." அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள், பேருந்தில் இடம் பிடிப்பவள் போல அழுத்தமாக. "இப்பப் போயி ஆளக் கூட்டிட்டு வா. நான் இருக்கேன். ஊட்டியில உக்காந்திருக்கற மாதிரிதான் இருக்கு. என்ன, ஒரு டீயிருந்தா நல்லாருக்கும்."

சிரிக்கப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பிரவீணா எழுந்து வெயிலுக்கு வந்தாள், அவள் நிழல் தெற்கே விழுந்தது.

ஆள் என்றால் யார்? சிக்னல் கிடைக்கும் இடம்வரை போய்த் திரும்ப மாலையாகிவிடும். வந்தவர்களிடம் என்ன சொல்வது? பொழுது சாய்ந்து எல்லாமே நிழலானால் இது எங்கே தொடங்கி எங்கே முடியும்?

"கண்ணு," என்றாள் பத்மா. இப்போது சிரிக்கவில்லை. "கீழ யாரோ மூச்சு வாங்கறாங்க. என்ற மூச்சோட ஒத்து வாங்கறாங்க. என்னோடது கொஞ்சம் கொஞ்சமா கொறையுது. அதுக்குக் கொறையல."

பிரவீணா குனிந்து அவள் கையைப் பிடித்தாள். சில்லிட்ட கை இறுக்கிப் பற்றியது. விடு என்று சொன்ன வாய், விடாத கை.

அப்போதுதான் வளைவுக்கு அப்பாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"நான் சொன்னனான் எல்லோ, காரிலை பிள்ளையார் இருக்கு, எங்கட ஆக்கள்தான் எண்டு!"

தொப்பி வைத்த முதியவர் ஒருவர் மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைவுக்கு அடியில் வந்தார். பின்னால் ஒரு அம்மா, பூப்போட்ட குடை, கையில் ஐஸ்பெட்டி, ஒரு காலைச் சற்றுத் தாங்கிய நடை. முகமெல்லாம் வியர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"தமிழோ பிள்ளை? ஐயோ, இந்த வனாந்தரத்திலையும் தமிழ் முகத்தைக் கண்டம்! நாங்கள் பென்டில் ஹில். இவர் புவனேஸ்வரன், நான் தனேஸ்வரி. நீங்களும் சிட்னியோ?"

"ஆமாங்க ஆன்ட்டி. பிளாக்டவுன்."

"பக்கத்திலை இருந்துகொண்டு இஞ்சை வந்தெல்லோ சந்திக்கிறம்." அவள் தேஜுவின் கன்னத்தைத் தொட்டாள். "என்ன குஞ்சு, முகம் வாடிக் கிடக்கு? இஞ்சை வா, நல்ல குளிர்த் தண்ணி இருக்கு." பெட்டியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தாள். தேஜு மடக்மடக்கென்று குடித்தாள். "மெல்ல, மெல்ல. புரைக்கேறப் போகுது."

"வெயில் தாங்கேலாமல் கிடக்கு," என்றார் அங்கிள். "அந்தப் பக்கம் முழுக்கக் கல்லு. இவவுக்கு முழங்கால் ஏலாது, கதிரையிலை கனநேரம் இருக்கவும் மாட்டா."

"ஓம் பிள்ளை, கால் நீட்டி இருக்க வேணும் எனக்கு. எங்கையும் நல்ல நிழல் இருக்கோ?"

பத்மா அவர்களைப் பார்க்கவில்லை. பிரவீணாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும், சின்னதாக, மேலும் சின்னதாக.

இவர்கள் இரண்டு பேர். அங்கிளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். நான் போய் ஆளை அனுப்புவேன். ஒவ்வொன்றாக, ஒழுங்காக, காரணங்கள் வந்து ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றன.

"இங்க இருக்கு ஆன்ட்டி," என்றாள் பிரவீணா. தன் குரல் இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "நல்ல நிழல். பாய் விரிச்சே இருக்கு. நாங்க கிளம்பறோம், நீங்க வந்து உக்காருங்க."

"பாயுமோ! கடவுள் விட்ட வழி." தனேஸ்வரி ஆன்ட்டி குடையை மடக்கினாள். பத்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். "ஆ... நல்ல குளிர்மை."

பத்மா எழுந்தாள். வெயிலுக்கு வந்தாள். அவள் நிழல் தெற்கே விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. தூக்குப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

பிரவீணா தேஜுவைத் தூக்கிக்கொண்டாள். வெயில் பட்டை. வளைவின் அடி. உண்மையான நிழல், சரளைக் கல், கலங்கிய விளிம்பு. ஓடக் கூடாது. ஓடினால் கேட்பார்கள்.

தேஜு அவள் தோளுக்கு மேலே பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆன்ட்டி போத்தல் எடுக்க எழுந்து விளிம்புக்கு வெளியே, வெயிலில் வந்து நின்று, பிள்ளைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அங்கிளின் நிழல் அவருக்குப் பின்னால், வளைவை நோக்கிக் கிடந்தது. அவளுடையது எதிர்ப்பக்கம், சூரியனை நோக்கி, நூல் கட்டினாற்போல இழுபட்டுக் கிடந்தது. அவள் கை அசைந்தது. மணலில் அந்தக் கை அசையவில்லை. விரல்களை விரித்து மணலைப் பற்றியிருந்தது.

"அம்மா, அந்த ஆன்ட்டியோட ஷேடோ ஏன் அந்தப் பக்கம் போகுது?"

பிரவீணா நடந்துகொண்டே இருந்தாள். தேஜுவின் எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"அதுல யாராவது ஒருத்தர் இருக்கணும், தேஜு. நாம எந்திரிக்கணும்னா, நமக்கு அப்புறமா வேற ஒருத்தர் வந்து உக்காரணும். அவ்வளவுதான்."